காய்ந்த ஃபில்டர்

செப்டம்பர் 7, ஞாயிறு

அவர் கிளம்பிவிட்டார். விமான நிலைய வாசலில் மகள் தன்வியைக் கட்டிக்கொண்டு கொஞ்சினார். என்னைப் பார்த்து, "ஃபில்டர மறந்தராத கலா" என்றார். ஊரைவிட்டுப் போகிற மனுஷனுக்குப் பெண்டாட்டியிடம் சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

உஸ்பெகிஸ்தானில் புதிதாக ஒரு நூல் மில். இவர் கம்பெனி மெஷின்களை அங்கே பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டுத் தீபாவளிக்கு வருவார். அதுவரை தன்வியின் பைக்கும் அதன் ஃபில்டரும் என் பொறுப்பு. தினமும் ஃபோனில் அவரிடம் புலம்பாமல் ஒரு நோட்டில் எழுதிப் பார் என்று ஆபீஸில் ஜெசிந்தா சொன்னாள். சரி, புலம்பலை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் மகளுக்குப் பதினோரு வயது. மண் தரையில் ஓட்டுகிற ரேஸ் பைக் ஓட்டுகிறாள். அறுபத்தைந்து சிசி. பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும், சீட் என் இடுப்புக்குக்கூட வராது. ஆனால் மேட்டில் ஏறினால் ஆளோடு சேர்ந்து ஆகாயத்தில் போகிறது. ஜூன் மாதம் அப்படிப் போய் இறங்கும்போது விழுந்து இடது மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு பிரித்த அன்றைக்கே, "எப்பம்மா மறுபடி?" என்று கேட்டாள். நான் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீஸில், விபத்துப் பிரிவில். நாள் பூராவும் யாருடைய முறிந்த காலாவது எக்ஸ்ரேயாக என் மேஜையில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் போர்ட்டிகோவில் இந்த வண்டி நிற்கும்.

அக்டோபர் ஐந்தாம் தேதி ரேஸ். நான் அவளைத் தடுத்துவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் நேற்று என் கையை எடுத்துத் தன்வி தலையில் வைத்தார். "நா வர்ற வரைக்கும் புள்ளைய ஓட்ட வேண்டாம்னு சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். நான் சத்தியம் செய்தேன். அவர்களுக்கு அது விளையாட்டு. பிள்ளை தலையில் வைத்த கை எனக்கு விளையாட்டில்லை. மீறினால் அது அவளைத்தான் போய்ப் பிடிக்கும்.

செப்டம்பர் 10, புதன்

ஒன்றுமில்லை. ரசம் வைத்தேன். லாரியில் மோதிய ஒருவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, ஃபைல் வந்திருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் தடவையாக நானே ட்ராக்குக்குக் கூட்டிப் போனேன். சூலூர் தாண்டி ஒரு தோட்டத்துக்குள் செம்மண்ணை மேடு மேடாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ட்ராக். கோச் அல்போன்ஸ் நல்ல மனிதர், ஆனால் பிள்ளை விழுந்தால் கை தட்டுகிறார். "விழுந்து பழகோணுமுங்க்கா, அப்பத்தான் பயம் போகும்" என்கிறார். யார் பயம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

புழுதி என்றால் அப்படி ஒரு புழுதி. முன்னால் போகிற வண்டி கிளப்புகிற செம்மண்ணுக்குள் இவள் நுழைந்தால் வெளியே வரும்வரை எனக்கு மூச்சு இல்லை.

அந்தப் புழுதிக்காகத்தான் இந்த ஏர் ஃபில்டர். சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பாஞ்ச். எஞ்சினுக்குப் போகிற காற்று அது வழியாகத்தான் போகும். ஒவ்வொரு தடவை ஓட்டிய பிறகும் கழற்றி, டீசலில் ஊற வைத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் காயப் போட வேண்டும். காய்ந்ததும் நீல நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய் இருக்கிறது, அதை ஊற்றி முறுக்கு மாவு மாதிரிப் பிசைந்து, மறுபடி மாட்ட வேண்டும். அந்த எண்ணெயில்தான் மண் ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் காய்ந்து கிடந்தால் மண் நேரே உள்ளே போய்விடும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கழற்றி வாளியில் போடுவது தன்வி. கழுவி, எண்ணெய் போட்டு, மாட்டுவது நான். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடச் சொன்னால் பத்து தடவை கத்த வேண்டும். ஃபில்டரை மட்டும் வந்த வேகத்தில் வாளியில் போட்டுவிட்டாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அவரோடு வீடியோவில் பேசினேன். அங்கே ரொட்டி சக்கரம் மாதிரி இருக்கிறதாம். பேச்சோடு பேச்சாக, "ஏனுங்க, எண்ணெ போடாம மாட்டுனா என்னாகும்?" என்று கேட்டேன்.

"மண்ணு உள்ள போயி பிஸ்டனெல்லாம் தேஞ்சரும். ஓட்டத்துல இழுவ கொறையும். பொறகு ஒரு நா ஸ்டார்ட்டே ஆகாது. ஏன்?"

"சும்மா. தெரிஞ்சுக்கலாம்னு."

"அடேங்கப்பா, எம் பொண்டாட்டி மெக்கானிக் ஆயிட்டா" என்று சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் ஃபில்டரை மாட்டினேன். எண்ணெய் பாட்டில் மூடி இறுகிப்போய் இருந்தது, திறக்க வரவில்லை. ஒரு தடவைதானே என்று அப்படியே மாட்டிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அந்த மூடியை நான் பலமாகத் திருகிப் பார்க்கவில்லை என்பதும் உண்மைதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ட்ராக். நான் நினைத்ததற்கு நேர்மாறாக இன்றைக்கு வண்டி பிய்த்துக்கொண்டு போனது. விஷ்ணு என்று ஒரு பையன், அவளைவிட ஒரு வயது பெரியவன், அவனையே முந்திவிட்டாள். கோச் என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். "அம்மா மெயின்டெனன்ஸ் சூப்பருங்க" என்று வேறு கத்தினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்னும் எத்தனை மண் தின்றால் இந்த வண்டி அடங்கும்?

அதை எழுதிவிட்டு நானே ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நான் ஒன்றும் தப்பு செய்யவில்லை. வேண்டாம் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. வண்டி தானாக ஓய்ந்துவிட்டால் அவளும் அழுதுவிட்டு இறகுப்பந்து விளையாடப் போவாள். இறகுப்பந்தில் யாருக்கும் முதுகெலும்பு முறிவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபில்டர் வாளிக்குப் போய்விட்டது. என் நல்ல பூத்துவாலையில் ஏதோ நீலக் கறை. பள்ளிக்கூடத்துச் சார்ட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுத் துடைத்திருக்கிறாள். நன்றாகத் திட்டினேன். துவாலையை எடுத்துக்கொண்டுபோய் ஊற வைத்தாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆபீஸில் ஆடிட்டிங். வந்ததே லேட். ஃபில்டரை மாட்டினேன். இன்றைக்கும் எண்ணெய் போட நேரமில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

தன்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உனக்கு ஆபீஸ்ல நொம்ப வேலையாம்மா?" என்று கேட்டாள். "ஆமாங் கண்ணு" என்றேன். "டயர்டா இருந்தா ஃபில்டர் வேலைய நானே பாத்துக்கறேன்" என்றாள். கையாலாகாதவள் என்று என்னை நினைக்கிறாளா என்று கோபம் வந்தது. "எம் வேலைய நான் பாத்துக்குவேன், நீ கணக்கப் போடு" என்றேன். கோபம் ஏன் அவ்வளவு வந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது.

பிராக்டிஸ் முடிந்து டீ குடிக்கும்போது கோச் பேசிக்கொண்டிருந்தார். போன வருடம் பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன். வண்டி மேட்டில் ஏறி எழும்பியபோது எஞ்சின் ஜாமாகிவிட்டதாம். பின் சக்கரம் சுற்றவில்லை. இறங்கின வேகத்தில் வண்டி அப்படியே குத்திக்கொண்டு நிற்க, பையன் கைப்பிடிக்கு மேலே பறந்து தலைகுப்புற விழுந்திருக்கிறான்.

"ஏனுங்க அப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"வேறென்னங்க்கா, ஃபில்டருக்கு எண்ணெ போடாம ஓட்டியிருக்கறாங்க. உள்ள பூரா மண்ணு. கழுவுனாப் போதும்னு நெனச்சுக்கறாங்க."

"அந்தப் பையன்?"

"நடக்கறானுங்க. முன்ன மாதிரி இல்லீங்க."

டீ கிளாஸை வைத்துவிட்டேன். இழுவை குறையும், ஸ்டார்ட் ஆகாது என்றுதான் அவர் சொன்னார். ஆகாயத்தில் இருக்கும்போது நின்றுபோகும் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்த நேரத்தில் தன்வி தூரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையாட்டினாள். இந்த இரண்டு வாரமும் என் கண் முன்னால் எத்தனை தடவை ஆகாயத்துக்குப் போய் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு காந்திபுரத்தில் போய்ப் புது ஃபில்டர் வாங்கி வந்தேன். பழையது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. எண்ணெய் பாட்டில் மூடி சுலபமாகத் திறந்துகொண்டது. ஊற்றிப் பிசைந்தேன். ஒரு மூலைகூட வெளுப்பாக இல்லாமல் பிசைந்தேன். ஓரத்தில் கிரீஸ் தடவி, குழாய்க்குள் துளி மண் விழாமல் துணியை அடைத்துவைத்து, அவர் சொல்லிக் கொடுத்தபடியே மாட்டினேன். இதே வேலையை இரண்டு வாரத்துக்கு முன்னால் செய்திருந்தால் கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

அவரிடம் கேட்டேன். "தூசி கொஞ்சம் உள்ள போயிருந்தா, புது ஃபில்டர் மாட்டுனா சரியாப் போயிருமுங்களா?"

"அதெப்படி? தேஞ்சது தேஞ்சதுதான். ஏன் கலா, வண்டியில ஏதாச்சும் சத்தம் வருதா?"

"இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது."

அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டியைத் தன்வியே கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டாள். ஸ்பானர், எண்ணெய் பாட்டில், என் ஆபீஸ் பேனா எல்லாம் வரிசையாகப் பூஜையில் இருந்தன. சூடம் காட்டும்போது எல்லோரும் வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று கும்பிடுவார்கள். இந்த வண்டி இனி ஓடவே கூடாது என்று கும்பிட்டவள் கோயம்புத்தூரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

பூஜையில் வைத்த சாமானை இன்றைக்கு எடுக்கக் கூடாது. அதனால் ஒரு நாள் நிம்மதி. பொரி கடலை தின்றுகொண்டு அவள் டிவி பார்த்தாள். நான் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளப்பினாள். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

சாமிக்கும் என் விண்ணப்பம் போய்ச் சேரவில்லை.

அக்டோபர் 4, சனி

பள்ளிக்கூடம் லீவு. தன்வி நாளைக்குப் போடுகிற ஜெர்ஸியை மூன்று தடவை மடித்து வைத்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. மழை வருமா என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒன்று, சத்தியத்தை மீறி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இல்லை, நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் இன்னொரு வழி இருக்கும் என்று காலையிலிருந்து தேடுகிறேன். டயரைக் குத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு என்னைப் பார்த்தே எனக்குப் பயமாகிவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ட்ராக்கைச் சுற்றிக் கயிறு கட்டி, பந்தல் போட்டு, ஒரு பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. ஆம்புலன்ஸ் டிரைவர் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார். அந்தத் திறந்த கதவைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. பன்னிரண்டு வயது வரைக்கும் உள்ளவர்களை மைக்கில் கூப்பிட்டார்கள். நான் கோச்சிடம் ஓடினேன். அவர் தன்வியின் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோச், தன்வி இன்னைக்கு ஓட்ட வேண்டாமுங்க."

சொல்லிவிட்டேன். சத்தியம் போயிற்று.

"ஏனுங்க்கா, பயமா இருக்குதுங்களா? எல்லா அம்மாவுக்கும் இருக்கறதுதானுங்க."

"அதில்லீங்க. ஃபில்டருக்கு நான் எண்ணெ போடல. அவரு ஊருக்குப் போனதுலருந்து போடவேயில்ல. போன வாரந்தான் புதுசு போட்டேன். அதுக்குள்ள ரெண்டு ஞாயித்துக்கெழம ஓட்டிட்டா."

அவர் முகம் மாறியது. எழுந்து நின்றார். "மறந்துட்டீங்களா?"

அங்கே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது போதும், வண்டியை நிறுத்தியிருப்பார். ஆனால் இத்தனை நாள் அடைத்துவைத்தது மொத்தமும் வந்துவிட்டது.

"இல்லீங்க. வேணும்னேதான் போடல. வண்டி கெட்டுப்போனா ரேஸ் நின்னுரும்னு பாத்தேன். நடுவானத்துல நிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். தன்வி ஓட்டும்போது போடுகிற கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கோச் சீட்டைக் கழற்றினார். ஃபில்டரை வெளியே எடுத்தார். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, எஞ்சினுக்குப் போகிற குழாய்க்குள் விட்டு நன்றாகத் துடைத்து எடுத்தார். துணியைப் பிரித்து வெயிலில் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது. மறுபடி துடைத்தார். மறுபடியும் வெள்ளை.

"என்னங்க்கா சொல்றீங்க? எண்ணெ இல்லாம இந்தச் செம்மண்ணுல ஓடியிருந்தா இந்நேரம் துணி செவசெவன்னு வரோணுமுங்க. இதுல ஒரு பொட்டு மண்ணு இல்ல."

"நான்தான் கோச் போட்டேன்" என்றாள் தன்வி.

மெதுவாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் போட்டிருக்கிறாள். ரேஸ் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லி அப்பா பழக்கியிருக்கிறார். திறந்து பார்த்தபோது காய்ந்து கிடந்திருக்கிறது. அடுத்த வாரமும் அப்படியே.

"அம்மா மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்று கோச்சிடம்தான் சொன்னாள். "அம்மாக்கு ஆபீஸ்ல டென்ஷன். அப்பாகிட்டச் சொன்னா அம்மாவத் திட்டுவாங்க. அதான் யாருகிட்டயும் சொல்லல. நானே போட்டு மாட்டிட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ மறக்கலையாம்மா?"

பதினோரு வயதுக் குழந்தை அப்படி ஒரு பார்வை பார்க்கும் என்று நான் நினைத்ததில்லை. அழவில்லை. கோபம்கூட இல்லை. வீட்டில் புதிதாக யாரோ வந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"மறக்கல கண்ணு" என்றேன்.

மைக்கில் அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். கோச் ஃபில்டரை மாட்டி சீட்டையும் பொருத்தினார். "வண்டி கல்லு மாதிரி இருக்குது. நீ ஓட்டறியா, வேண்டாமா? நீயே சொல்லு" என்று அவளிடம் கேட்டார். அவள் ஹெல்மெட்டைப் போட்டாள். வழக்கமாகத் தாடைப் பட்டையை நான்தான் மாட்டிவிடுவேன். என் கை நீண்டது. அவள் திரும்பி நின்றுகொண்டு தானே மாட்டினாள்.

ரேஸ் பூராவும் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. மூடுகிற உரிமை எனக்கில்லை என்று தோன்றியது. ஒவ்வொரு மேட்டிலும் அவள் எழும்பும்போது கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. ஆறாவதாக வந்தாள். விஷ்ணுவின் அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

காரில் வரும்போது சூலூர் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"பயமா இருக்குதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். "ஆனா நீ பயப்படறேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரை ஓரமாக நிறுத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 6, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்தபோது போர்ட்டிகோவில் வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பழைய ஃபில்டருக்கு எண்ணெய் போட்டு மாட்டியாகிவிட்டது. நேற்று ஓட்டியது கழுவிக் கொடியில் காய்கிறது. தன்னுடைய சைக்கிள் சங்கிலியை எடுத்து, பைக்கின் சீட்டோடு சேர்த்துச் சுற்றிப் பூட்டியிருந்தாள். இனி அவள் சாவி இல்லாமல் அந்தச் சீட்டைக் கழற்ற முடியாது. இந்த வீட்டில் அவளை விட்டால் அதைக் கழற்றக்கூடியவள் நான் ஒருத்திதான். சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். ஆறாவது இடத்துக்கு ஏதோ உலகக் கோப்பை வாங்கின மாதிரி குதித்தார். "ஃபில்டர் கழுவியாச்சா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆச்சுப்பா. அம்மாதான் எல்லாம் பண்ணுனாங்க" என்றாள் தன்வி. என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"பாத்தியா, உங்கம்மாவப் போயி நா சந்தேகப்பட்டேனே" என்று அவர் சிரித்தார்.

அவளிடமிருந்து ஃபோனை வாங்கினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விடும்மா, எதுக்கு என்று சத்தம் வராமல் வாயசைத்தாள். என் கையைக்கூடப் பிடித்தாள். நேற்றிலிருந்து அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"ஏனுங்க, அதெல்லாம் நான் பண்ணல. அவதான் பண்ணுனா" என்றேன். "நான் என்ன பண்ணேன்னு சொல்றேன், கோபப்படாமக் கேளுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில், "புள்ளைகிட்டக் குடு" என்றார். கொடுத்தேன். அவள் போர்ட்டிகோவுக்குப் போய்ப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வந்து ஃபோனைக் கொடுத்துவிட்டு, பசிக்கிறது என்றாள். தோசை ஊற்றினேன். சாப்பிட்டாள்.

பூட்டு அப்படியேதான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பிராக்டிஸ் உண்டாம். நானும் வரலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.